வாயிற்படியில் நின்றவர்

பெண்ணுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் எழுத்தறியாத பாட்டிமார்தாம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். வசதியான எண்ணம்!

1933-இல் பம்பாய்ப் பட்டதாரி கமலா பாகவத், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதற்காகவே மறுத்தவர், அதன் இயக்குநர் சர் சி. வி. இராமன், நோபல் பரிசு பெற்ற நம் தமிழர். கமலா விடவில்லை, நேரில் சென்று வாதாடினார். ஓராண்டு சோதனையாக, ஆண் மாணவரின் கவனத்தைக் கலைக்கலாகாது என்ற நிபந்தனையோடு இடம் கிடைத்தது. (கலைகிற மனமுடையவர்க்கு நிபந்தனை இல்லை!) ஓராண்டு கழிந்ததும் இராமனே மனநிறைவு கொண்டு அவரை முறையாக ஏற்றார். 1939-இல் கமலா கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார்.

இராமனைக் குறை கூறுவது எளிது. சென்ற பொங்கல் விழாவில் சந்தனக் கிண்ணம் ஏந்த மாணவியர் பெயரையும், மேடைப் பொறுப்புக்கு மாணவர் பெயரையும் எழுதியவன் நான். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.