ஊர் புதிது, உரிமை புதிதன்று

பிழைப்புத் தேடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூரின் பின்னலாடைத் தொழிற்கூடங்களுக்கு வருவோர் பலர். அவர்களுள் ஒருவரைக் காவலர் ஐயத்தின் பேரில் அழைத்துச் செல்வதாகக் கொள்வோம். கேட்கப்படும் மொழி அவருக்குப் புரியாது. செய்தி சொல்லி அனுப்ப அருகில் உறவினர் எவரும் இலர். அந்நேரத்தில் சட்டம் அவருக்கு எவ்வளவு துணைநிற்கிறது?

குடிமக்களும் நபர்களும்

இந்திய அரசமைப்புச் சட்டம் இரு சொற்களைக் கவனத்துடன் வேறுபடுத்தி ஆள்கிறது. நாடெங்கும் சென்றுவரவும் விரும்பிய இடத்தில் குடியிருக்கவும் உரிமை தரும் 19ஆம் பிரிவு ‘குடிமக்கள்’ என்கிறது. உயிரையும் தனிமனித விடுதலையையும் காக்கும் 21ஆம் பிரிவும், கைதானவரின் உரிமைகளை உரைக்கும் 22ஆம் பிரிவும் ‘நபர்’ என்றே கூறுகின்றன. பீகார்த் தொழிலாளி இந்தியக் குடிமகன். எனவே இரண்டும் அவருக்கு உண்டு. அயல்நாட்டிலிருந்து வந்தவருக்கு முன்னது இல்லை, பின்னது உண்டு. பகைநாட்டவருக்கும் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டோருக்கும் மட்டும் 22ஆம் பிரிவில் விதிவிலக்குகள் உள்ளன.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. இன்றைய வங்காளதேசத்தின் சிட்டகாங் மலைப்பகுதியிலிருந்து 1964இல் வந்து, பின்னர் இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் குடியமர்த்தப்பட்ட சக்மா மக்கள், வெளியேறுமாறு மிரட்டப்பட்டனர். தேசிய மனித உரிமை ஆணையம் உச்சநீதிமன்றத்தை நாடியது. அவர்களுடைய குடியுரிமைக் கோரிக்கை முடிவாகாத நிலையிலும், ஒவ்வொருவரின் உயிரையும் விடுதலையையும் காப்பது மாநில அரசின் கடமை என 1996இல் நீதிமன்றம் ஆணையிட்டது.

கைதின்போது

கைது செய்யப்பட்டவருக்கு அதற்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். அவர் விரும்பும் வழக்குரைஞரைக் கலந்து பேச விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குற்றவியல் நடுவர்முன் நிறுத்த வேண்டும். இவை 22ஆம் பிரிவின் கட்டளைகள். காரணத்தைத் தெரிவிப்பது என்றால் எம்மொழியில்? தமிழில் எழுதிய தாளொன்றை ஒடியா மட்டுமே அறிந்தவர் கையில் கொடுத்தால், அது தெரிவித்ததாகுமா? ஆகாது. கைதானவருக்குப் புரியும் மொழியில் காரணம் உணர்த்தப்பட வேண்டும் என்பதை உச்சநீதிமன்றம் 2025இல் அளித்த தீர்ப்பிலும் வலியுறுத்தியுள்ளது.

உறவினர் தொலைவில் இருப்பதே புதியவரின் பெருங்குறை. 1986இல் மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் தலைவர் டி.கே. பாசு, காவல்நிலைய மரணங்களைக் குறித்து இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டு, 1996 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. அதில் வகுக்கப்பட்ட நெறிகளுள் ஒன்று, புதியவரை எண்ணியே எழுதியதுபோல் அமைந்துள்ளது. உறவினர் வேறு மாவட்டத்திலோ வேறு நகரத்திலோ வாழ்ந்தால், கைதான நேரம், இடம், வைக்கப்பட்டுள்ள இடம் ஆகியவற்றை அம்மாவட்டச் சட்ட உதவி அமைப்பின் வழியாகவும் அப்பகுதிக் காவல்நிலையத்தின் வழியாகவும் 8 முதல் 12 மணி நேரத்திற்குள் தந்தியில் அறிவிக்க வேண்டும் என்கிறது அந்நெறி. தந்திச் சேவை 2013இல் நின்றுபோனது. அறிவிக்கும் கடமை நிற்கவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவரைத் தமக்கு எதிராகத் தாமே சான்றளிக்குமாறு கட்டாயப்படுத்தலாகாது என்பது 20ஆம் பிரிவு. இதனைப் பெயரையும் முகவரியையும் மறைப்பதற்கான உரிமையாகக் கொள்ளலாகாது. சில சூழல்களில் அவற்றைக் கூற மறுப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும்.

வழக்குரைஞருக்குப் பணமில்லை என்ற கவலைக்கும் விடையுண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, காவலில் இருப்பவர் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெறலாம். 15100 என்பது அதற்கான தேசிய உதவி எண்.

முறையிட வரும்போது

புதியவர் எப்போதும் ஐயத்துக்குரியவராகவே காவல்நிலையம் வருவதில்லை. கூலியும் கைப்பேசியும் பறிகொடுத்தவராகவும் வருவார். குற்றம் நடந்த இடம் தம் எல்லைக்குள் இல்லை என்று கூறி அவரைத் திருப்பி அனுப்ப இயலாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எப்பகுதியில் நடந்திருந்தாலும் அத்தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பதிவான தகவலின் படி ஒன்றைக் கட்டணமின்றி அவருக்கு உடனே வழங்கவும் வேண்டும்.