சதைத் துண்டு சொல்லும் சேதி

"கட்டிதானே, வெட்டி எடுத்துட்டா முடிஞ்சிதே! அதுக்கு முந்தி ஏன் ஊசியப் போட்டுத் துண்டு எடுக்கணும்? தொட்டா பரவிடும் எண்டு சொல்லுறாங்களே!"

வைத்தியசாலையில் 'பயொப்ஸி' என்ற சொல் காதில் விழுந்ததும் நமது பெற்றோரிடமிருந்து வரும் கேள்வி இது. இலுப்பைக்கடவையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மன்னார் வைத்தியசாலைக்குப் போய், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கோ மஹரகமவுக்கோ அனுப்பப்படும் ஓர் உம்மாவிடம் "அது விஞ்ஞானம், உங்களுக்கு விளங்காது" என்று சொல்லிவிட முடியாது. சிறு பிள்ளைகளுக்கு வரும் 'நியூரோபிளாஸ்டோமா' என்ற நரம்புக்கலக் கட்டியை எடுத்துக்கொண்டு அவருக்கு விடை சொல்லிப் பார்ப்போம்.

பிள்ளை கருவில் வளரும்போது, பிற்காலத்தில் நரம்புகளாக வேண்டிய பிஞ்சுக் கலங்கள் முதுகெலும்பின் இரு புறமும், சிறுநீரகத்தின் மேலே தொப்பி போல் இருக்கும் அதிரீனல் சுரப்பிக்குள்ளும் போய்ச் சேருகின்றன. அவற்றில் சில முதிராமல் பிஞ்சாகவே நின்று பெருகினால் வருவதுதான் இக்கட்டி. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கே வருகிறது. குளிப்பாட்டும்போது வயிற்றில் கல்லுப்போல ஏதோ கையில் தட்டுப்படுவதாக உம்மாதான் பலமுறை முதலில் கண்டுபிடிக்கிறார்.

ஸ்கேன் கட்டியின் அளவையும் இடத்தையும் காட்டும். அது பிஞ்சா முதிர்ந்ததா என்பதை உறுதியாகச் சொல்லாது. வீதியில் நின்று வயலைப் பார்த்தால் பயிரின் உயரம் தெரியும். நெல் பால் பிடித்திருக்கிறதா, முற்றிவிட்டதா என்றறிய ஒரு கதிரைப் பறித்துக் கடித்துத்தானே பார்க்க வேண்டும்? பயொப்ஸியும் அதுதான்.

எடுத்த துண்டைப் போமலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய 250இல் ஒரு பங்கு தடிப்புள்ள சீவல்களாக வெட்டுகிறார்கள். பிறகு இரண்டு சாயங்கள். ஒன்று கலத்தின் கருவை நீலமாக்கும். மற்றது ஏனைய பகுதிகளை இளஞ்சிவப்பாக்கும்.

நுணுக்குக்காட்டியில் முதலில் தெரிவது நெருக்கமாக அடைந்த சிறிய, உருண்டையான நீலக் கலங்கள். சிக்கலும் இங்கேதான். நிணநீர்ப் புற்றுநோய், தசைப் புற்றுநோய், எலும்பில் வரும் யூவிங் கட்டி எல்லாமே இதே தோற்றத்தில் வரக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஆகவே நோயியல் நிபுணர் அடையாளம் தேடுகிறார். கலங்களுக்கிடையே சிலந்தி நூல் போன்ற இளஞ்சிவப்பு நார்கள் இருந்தால், அவை நரம்பாக முயன்ற கலங்கள் என்பதற்குச் சாட்சி. சில இடங்களில் கலங்கள் அந்த நார்களைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருக்கும். 1910இல் இதை விவரித்த அமெரிக்க நோயியலாளர் ஜேம்ஸ் ஹோமர் ரைட்டின் பெயரால் 'ஹோமர் ரைட் ரோசெட்' என்கிறார்கள். நடுவில் துவாரம் இராது, நார்தான் நிறைந்திருக்கும். கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவுக்கே உரிய வட்டத்திலோ நடுவே துவாரம் இருக்கும். எல்லாத் துண்டிலும் ரோசெட் தென்படாது. அப்போது சினப்டோபிசின், பொக்ஸ்2பி போன்ற புரதங்களைக் காட்டும் விசேட சாயங்கள் கைகொடுக்கும்.

பெயர் தெரிந்துவிட்டது. அடுத்தது முதிர்ச்சி. முதிர்ந்த நரம்புக்கலம் பெரியது. இளஞ்சிவப்பு உடலும், தெளிந்த கருவும், அதனுள் பொட்டு வைத்தாற்போல் கருவுள் கருவும் கொண்டது. அதைச் சுற்றி நரம்புக்கு உறை கட்டும் ஷ்வான் கலங்கள் அலையலையாக ஓடும். முழுவதும் இப்படி முதிர்ந்திருந்தால் அது 'கேங்கிலியோநியூரோமா', தீங்கற்ற கட்டி. இரண்டும் கலந்திருந்தால் 'கேங்கிலியோநியூரோபிளாஸ்டோமா'. ஒரே கட்டியின் ஒரு பக்கம் முதிர்ந்தும் மறு பக்கம் பிஞ்சாகவும் இருக்கலாம். "மறுபடியும் ஏன் துண்டு கேக்கிறாங்க?" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு எண்ணிக்கை. 5000 கலங்களுக்கு எத்தனை பிரிந்துகொண்டும் சிதைந்துகொண்டும் இருக்கின்றன என்று கணக்கிடுகிறார்கள். 100க்குக் குறைந்தால் தாழ்ந்த நிலை. 200க்கு மேற்பட்டால் உயர்ந்த நிலை, அதாவது வேகமான நோய்.

1984இல் ஹிரோயுகி ஷிமாடா குழுவினர் இவற்றோடு பிள்ளையின் வயதையும் சேர்த்து வகுத்த முறையே 1999இல் சர்வதேச வகைப்பாட்டுக்கு அடிப்படையானது. அதன்படி, முதிர்ச்சி குறைந்து, எண்ணிக்கையும் தாழ்ந்திருக்கும் ஒரே தோற்றம் ஒரு வயதுப் பிள்ளையில் சாதகமானது. நாலு வயதுப் பிள்ளையில் பாதகமானது. 18 மாதம் ஒரு முக்கிய எல்லை. ஒரு வயதில் பிஞ்சு இன்னும் முதிர அவகாசம் உண்டு. நாலு வயதிலும் பிஞ்சாக நிற்பதுதான் கவலைக்குரியது. பிறந்த திகதியை "ஒன்றரை வயசு இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொல்லாமல், பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

'மிக்என்' என்ற மரபணு மிகையாகப் பெருகியிருக்கிறதா என்று பார்ப்பதற்கும் பொதுவாக அதே துண்டுதான் உதவுகிறது. பெருகியிருந்தால் சிகிச்சை கடுமையாக இருக்க வேண்டும். மறுபுறம், சில கைக்குழந்தைகளின் கட்டி தானாகவே சுருங்கிப் போவதும் உண்டு. யாருக்கு வெறும் கண்காணிப்பு, யாருக்குச் சத்திரசிகிச்சை, யாருக்குக் கடும் மருந்து என்று பிரிப்பதில் இந்தச் சீவல்களுக்குப் பெரும் பங்குண்டு.

ஆகவே அந்த உம்மாவுக்கு நமது பதில் இதுதான்: இந்த நோயில் துண்டு எடுப்பது சிகிச்சையைப் பின்போடுவதற்கல்ல, சிகிச்சையைச் சரியாகத் தொடங்குவதற்கு. "பரவிடும்" என்ற பேச்சைக் கேட்டு வீட்டில் வைத்திருக்கும் மாதங்கள்தான் நோய்க்கு இடம் கொடுக்கின்றன. ரிப்போர்ட் வந்ததும் மூன்றைக் கேளுங்கள்: எந்த வகை? எவ்வளவு முதிர்ச்சி? மரபணு பார்த்தாயிற்றா?

நோயைத் தந்தவன் நிவாரணத்தையும் தந்திருக்கிறான் என்று நம்புகிறவர்கள் நாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. துஆவை விடாதீர்கள், கிளினிக் திகதியையும் விடாதீர்கள்.