டிரம்முக்குள் ஓர் எட்டு, அணுவுக்குள் ஓர் எட்டு!

வாங்க, வாங்க, சத்தம் போடாமல் உள்ளே வாங்க! ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலை. டிரம் கடகடவென உருள்கிறது. உள்ளே ஆட்டுத்தோலும் குரோம் கரைசலும். சில மணி நேரத்தில் தோல் நீலமாக வெளியே வரும். தொழிலில் அதற்கு ‘வெட் ப்ளூ’ என்று பெயர். ஏன் நீலம்? விடை குரோமியம் அணுவுக்குள் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் குனிந்து பாருங்கள்!

மொத்தம் 24 எலக்ட்ரான்கள். 18 பேர் ஆர்கான் அணுவில் இருப்பதுபோல் சமர்த்தாக அடங்கிவிட்டார்கள். கூத்தெல்லாம் மிச்சம் ஆறு பேரால்தான். ஆற்றல் குறைந்த இடமே முதலில் நிரம்பும் என்கிற ஆஃபா தத்துவப்படி 4எஸ்-இல் இரண்டு பேர், 3டி-யில் நான்கு பேர். 3டி-யில் ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான் அறைகள், ஐந்து. கார்த்திகை ஞாயிற்றுக்குச் சோளிங்கர் வந்து சத்திரத்தில் தங்குகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்: அறைக்கு இருவர் தங்கலாம், ஆனால் காலி அறை இருக்கும்வரை யார் கூட்டு சேர்வார்? ஹுண்ட் விதியும் இதையேதான் சொல்கிறது. அட, ஐந்தாவது அறை காலி! 4எஸ்-இல் ஜோடியாக நெருக்கிக் கிடந்தவர்களில் ஒருவர் நைசாக அங்கே நழுவிவிட்டார். ஆக 3டி-யில் ஐந்து, 4எஸ்-இல் ஒன்று. ஐவரும் ஒரே திசையில் சுழன்றால் நிலைப்பு தரும் பரிமாற்ற ஆற்றல் கூடுகிறது. ஜோடி விலக்கமும் குறைகிறது. பிளஸ் ஒன் மாணவர்களைத் திணறடிக்கும் விதிவிலக்கின் ரகசியம் இவ்வளவுதான்!

டிரம்முக்குள் இருப்பதோ மூன்று எலக்ட்ரான்களை இழந்த குரோமியம். முதலில் போவது 4எஸ்-காரர்; பிறகு 3டி-யில் இருவர். மிச்சம் மூவர். சுற்றி ஆறு அணுக்கள் வந்து பிடித்ததும் ஐந்து ஆர்பிட்டால்கள் கீழே மூன்று, மேலே இரண்டு என்று பிரிகின்றன. கீழ் மூன்றில் ஆளுக்கொன்று, கனகச்சிதம்! மேலே தாவ எலக்ட்ரான்கள் சிவப்பையும் ஊதாவையும் விழுங்க, நம் கண்ணுக்கு நீலப்பச்சை மிஞ்சுகிறது. இந்த ஏற்பாடு எளிதில் கலையாது. தோல் புரதமான கொல்லாஜனின் கார்பாக்சில் தொகுதியைப் பிடித்த பிடியைக் குரோமியம் லேசில் விடாது. பச்சைத்தோல் 65 டிகிரி வாக்கில் சுருங்கிவிடும்; குரோம் தோலோ கொதிநீரையே தாங்கும்.

அந்த மூவரும் பறிபோனால்? 3டி காலி, மஞ்சள் குரோமேட், கொடிய நஞ்சு. ராணிப்பேட்டை நிலத்தடி நீரைக் கெடுத்த பழைய குரோமேட் ஆலைக் கழிவு அதுதான். வைத்தியம்? ஃபெரஸ் சல்ஃபேட்! ஓர் இரும்பு அயனி ஓர் எலக்ட்ரான்தான் தரும். ஒரு குரோமியத்துக்கு மூன்று இரும்பு வேண்டும். வந்த மூவரும் எங்கே உட்கார்வார்கள் என்று இனி நீங்களே சொல்லிவிடுவீர்கள்!