மலைக்கும் ஸ்டாக் எடுக்கலாம்!

அவிநாசியிலிருந்து அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர் போகிற பஸ்ஸில் எல்லோரும் பள்ளத்தைப் பார்த்து 'ஆஹா' என்பார்கள். நான் மட்டும் அண்ணாந்து மேலே பார்ப்பேன். சின்ன வயசில் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு பாறை உருண்டு வந்து 'ஜம்'மென்று உட்கார்ந்தது. ஆட்டுக்கல்லைவிடக் கொஞ்சம் பெரிசு. தள்ளிவிட்டு 'போலாம் ரைட்' என்றார் கண்டக்டர். எனக்குத்தான் பயம் இன்னும் போகவில்லை.

சிரிக்கிற விஷயம் இல்லை சார். 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் நாற்பது பேருக்கு மேல் போனார்கள். 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை மலையடிவார வீட்டின் மேல் பாறையும் மண்ணும் சரிந்து ஏழு பேர் பலி. அதில் ஐந்து பேர் குழந்தைகள்!

எந்தப் பாறை எப்போது விழும்? நாள் குறிக்க யாராலும் முடியாது. ஆனால் எது விழலாம், எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போடலாம். அதற்குத்தான் ட்ரோன்.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளை தலைக்கு மேல் சுற்றுமே, அதே ஜாதிதான். மலைச்சரிவில் வரிசை வரிசையாகப் பறந்து படம் எடுக்கும். ஒவ்வொரு படத்திலும் முந்தின படத்தின் முக்கால்வாசி இடம் மறுபடி விழ வேண்டும். ஒரே கல்லைப் பல கோணத்தில் பார்த்து, தூரத்தையும் உயரத்தையும் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது. நமக்கு இரண்டு கண் இருக்கிற மாதிரி! இலை தழை மறைத்தால் லேசர் கருவி. இடுக்கு வழியே தரையைத் தொட்டுவிடும்.

இப்படிக் கிடைத்த மாதிரி மலையில் பாறையின் அளவு, வெடிப்பு சாயும் திசை எல்லாம் தெரியும். ஒரு கன மீட்டர் கருங்கல் சுமார் 2,700 கிலோ; இரண்டு அம்பாசடர் காரைவிட அதிகம். அதைக் கம்ப்யூட்டரிலேயே ஆயிரம் தடவை உருட்டிவிட்டு, வலை எங்கே கட்டலாம் என்று பார்க்கலாம்.

பி.காம். படித்த எனக்குப் பிடித்தது இன்னொன்று. மழைக்கு முன் ஒரு சர்வே, பின் ஒன்று. கழித்தால் எவ்வளவு சரிந்தது என்று தெரியும். பனியன் கம்பெனி ஓப்பனிங் ஸ்டாக், குளோஸிங் ஸ்டாக்கேதான்! பாறைக்குள் ஊறும் தண்ணீர் மட்டும் படத்தில் விழாது. அதற்கு ஆள் ஏறித்தான் ஆகணும்.

இதையெல்லாம் குன்னூர் சரிவில் குடியிருக்கும் நண்பனின் மாமியாரிடம் உற்சாகமாக விளக்கினேன். டீயை நீட்டிக்கொண்டே கேட்டார்:

"படம் புடிச்சு எங்க வீட்டுக்கு செவப்பு பெயிண்ட் அடிச்சிருவாங்க, சரி. வேற எடமும் ஐப்பசி மழைக்கு முன்னாடியே குடுத்துருவாங்களா தம்பி?"