லைடனின் குளிர்ப் பட்டறை

1908 ஜூலை 10. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் பொழுது விடியும்போதே பம்புகள் ஓடத் தொடங்கிவிட்டன. 75 லிட்டர் திரவக் காற்று முந்தைய நாளே தயார். அதைக்கொண்டு பிற்பகலுக்குள் 20 லிட்டர் ஹைட்ரஜனையும் திரவமாக்கினார்கள். இத்தனையும் ஹீலியம் என்ற ஒரே வாயுவை மடக்குவதற்காக. அதுவரை எந்த ஆய்வகத்திலும் அது திரவமானதில்லை.

ஹீலியத்தின் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. அழுத்திய வாயுவைச் சிறு துளை வழியே விரியவிட்டால், அதன் துகள்கள் ஒன்றையொன்று இழுக்கும் விசையை மீறி விலகுகின்றன. அதில் ஆற்றல் செலவாகி வாயு குளிர்கிறது. ஹீலியத் துகள்களிடையே அந்த இழுவிசை மிக மிகக் குறைவு. அறை வெப்பநிலையில் அதை இப்படி விரியவிட்டால் குளிர்வதற்குப் பதிலாகச் சூடேறும். சுமார் -230 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொண்டுபோன பிறகுதான் இந்த வழி பலிக்கும். அந்த ஆழத்துக்கு இறக்கத் திரவ ஹைட்ரஜன் வேண்டும். ஹைட்ரஜனை இறக்கத் திரவக் காற்று வேண்டும். படிக்கட்டில் இறங்குவதுபோல ஒவ்வொரு வாயுவாகத்தான் கீழே போக முடியும்.

அந்தப் படிகளைக் கட்டியவர் ஹைக் காமர்லிங் ஓனஸ். 1882-இல் லைடனில் பேராசிரியரானவர். அளந்தால்தான் அறிய முடியும் என்பது அவர் கொள்கை. அவருடைய வழியில் இடையூறும் வந்தது. 1807-இல் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்து லைடனின் ஒரு பகுதியே தரைமட்டமாகியிருந்தது. அழுத்திய வாயுக்கள் நிறைந்த ஆய்வகம் என்றதும் ஊர் பயந்தது. 1895 முதல் 1898 வரை குளிர்ப் பணிகள் முடங்கின. அதற்குள் லண்டனில் ஜேம்ஸ் டூவர் ஹைட்ரஜனைத் திரவமாக்கி முந்திக்கொண்டார்.

ஆனாலும் ஹீலியத்தில் வென்றது லைடன்தான். என் பார்வையில், ஓனஸின் உண்மையான கண்டுபிடிப்பு அவருடைய பட்டறை. கருவி செய்யவும் கண்ணாடி ஊதவும் இளைஞர்களைப் பழக்க 1901-இலேயே ஒரு சங்கம் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த கருவியாளர் பள்ளி இன்றும் லைடனில் நடக்கிறது. தலைமைக் கருவியாளர் கெரிட் ஃப்லிம், கண்ணாடி வல்லுநர் ஆஸ்கர் கெசல்ரிங் ஆகியோரின் கைத்திறன் இல்லாமல் அந்த நாள் வாய்த்திருக்காது. ஹீலியம் எடுக்க மோனசைட் மணல் தேவைப்பட்டது; நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கிடைக்கும் கனிமம்தான். ஓனஸுக்கு அதை வரவழைத்துத் தந்தவர் வணிகத் தகவல் அலுவலகத்தில் இருந்த அவருடைய தம்பி.

அன்று மாலை, ஹைட்ரஜன் தீரும் தறுவாயில், வெப்பமானி ஓரிடத்தில் நின்றுவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த வேதியியல் பேராசிரியர் ஒருவர், அது திரவத்தில் மூழ்கியிருக்கலாமே என்றார். கீழிருந்து விளக்கைப் பிடித்தார்கள். திரவத்தின் மேற்பரப்பு கத்தி முனைபோலத் துல்லியமாகத் தெரிந்தது. சுமார் 60 கன சென்டிமீட்டர் ஹீலியம், -269 டிகிரியில்.

1911-இல் இதே குளிரில் பாதரசத்தின் மின்தடை திடீரென மறைவதை அங்கே கண்டார்கள். மீகடத்துத்திறன் பிறந்தது. மருத்துவமனை எம்ஆர்ஐ கருவிகளின் காந்தங்கள் பெரும்பாலும் இன்றும் திரவ ஹீலியத்தில் குளிர்ந்தபடி இந்தப் பண்பால்தான் இயங்குகின்றன. 1913-இல் நோபல் பரிசு ஓனஸுக்கு வந்தது. பாதரச அளவீட்டைச் செய்தவர் கிலஸ் ஹோல்ஸ்ட், குளிர்கலத்தை அமைத்தவர் ஃப்லிம். ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியராக இருந்ததோ ஓனஸின் பெயர் மட்டுமே. ஹோல்ஸ்டின் பெயரும் அதில் இருந்திருக்க வேண்டும்.