மெட்ராஸ் பார்க்கப் போறோம்: முதல் பயணத்துக்கு ஒரு திட்டம்



தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் குழுக்களிலும் சரி, மேல்மலைக் குழுக்களிலும் சரி, சேமிப்பு எண்ணி முடித்து நோட்டை மூடும்போது யாராவது ஒருத்தர் கேட்கிற கேள்வி இது: "ஒரு தடவை மெட்ராஸ் போய் கடலைப் பார்த்துட்டு வரலாமா?" உடனே எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் ஒரு நிமிடம் யாரும் பேச மாட்டாங்க. எல்லாருக்கும் ஆசை இருக்கு. யார் ஏற்பாடு செய்வது, வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அதனால் இந்த மாதம் அதைப் பற்றி எழுதுகிறேன். இரண்டு பகல், மூன்று இரவு, பதினைந்து பேர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு விஷயத்தை மனசில் வையுங்கள். குழுவாக நாம் போகிற முதல் பயணம் நல்லபடியாக முடிந்தால்தான் இரண்டாவது பயணம் உண்டு. ஒருத்தர் மயங்கி விழுந்தாலோ, ஒருத்தர் வழி தவறினாலோ, "இதுக்குத்தான் அப்பவே வேண்டாம்னோம்" என்று ஊரே சொல்லும். அடுத்த பத்து வருஷத்துக்கு யாரும் வாயைத் திறக்க முடியாது. ஆகவே நிறைய இடம் பார்ப்பதைவிட, போன எல்லாரும் தெம்பாகத் திரும்புவதுதான் முக்கியம்.

டூரிஸ்ட்டுகளிடம் கற்றுக்கொள்வோம்

இதில் நமக்குப் பாடம் வெளியில் இல்லை, நம்ம மலையிலேயே இருக்கு. சீசனில் வேன் வேனாக வருகிறார்களே, பார்த்திருக்கிறீர்கள். கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, குணா குகை, ஏரி, பைன் காடு என்று ஒரே நாளில் பத்து பன்னிரண்டு இடம். இடத்துக்குப் பத்து நிமிடம். பாதி நேரம் வண்டி நெரிசலில் போய்விடும். பாட்டியம்மா வேனிலேயே உட்கார்ந்திருப்பார், குழந்தை வாந்தி எடுக்கும், சாயங்காலம் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. நாம் சென்னைக்குப் போய் அதே காரியத்தைச் செய்யக் கூடாது.

குழுவில் யார் மெதுவாக நடப்பாரோ, அவருடைய நடையை வைத்துத் திட்டம் போடுங்கள். முட்டிவலி உள்ள அக்காவை "நீங்க அடுத்த தடவை வாங்க" என்று விட்டுவிடுவது எளிது. ஆனால் அவரும்தான் வாராவாரம் சேமிப்பு கட்டினார். அவர் நடையில் ஒரு நாளைக்கு இரண்டு இடம் பார்க்கலாம். அது போதும்.

எந்த மாதம், எந்தக் கிழமை

ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். நம்ம ஊரில் சீசன் வியாபாரம், பஸ்ஸில் கூட்டம். சென்னையிலோ வெயில் கொளுத்தும். மலைக் குளிரில் பழகிய உடம்பு தாங்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக்கு மழை, புயல் காலம். காப்பிப் பழம் எடுக்கிறவர்களுக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை கை ஓயாது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பிப்ரவரிதான் சரியாக வருகிறது. தைப்பூச வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பழனி பாதயாத்திரைக் கூட்டத்தில் திண்டுக்கல் பக்கம் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. பூண்டு, காரட் போடுகிற மேல்மலைக்காரர்கள் அவர்கள் வெள்ளாமையைப் பார்த்து மாதத்தைக் குறிக்கட்டும்.

கிழமையும் முக்கியம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. ஞாயிறன்று மெரினாவில் கூட்டத்தைத்தான் பார்க்கலாம், கடலைப் பார்ப்பது கஷ்டம். செவ்வாய் இரவு ரயில் ஏறி, புதன், வியாழன் சுற்றிவிட்டு, வியாழன் இரவு கிளம்பினால் வெள்ளி காலை வந்துவிடலாம்.

பணம் எங்கிருந்து?

குழுவின் பொதுச் சேமிப்பில் கை வைக்காதீர்கள். சுற்றுலாவுக்கு உள்கடன் எடுப்பதும் வேண்டாம். பார்த்துவிட்டு வந்த கடலுக்கு ஒரு வருஷம் தவணை கட்டுவது யாருக்கும் இனிக்காது. போகாத உறுப்பினர் "என் பணத்துல ஊர் சுத்துனாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் குழுவே உடைந்துவிடும். தனி உண்டியல், தனி நோட்டு போடுங்கள். வாரம் 60 ரூபாய் வீதம் 40 வாரம் கட்டினால் ஆளுக்கு 2400 ரூபாய். ஏப்ரலில் ஆரம்பித்தால் ஜனவரிக்குள் சேர்ந்துவிடும். இரண்டாம் வகுப்பு படுக்கை ரயில் கட்டணம் ஒரு வழிக்கு 300 ரூபாயைச் சுற்றி வரும். மீதியில் அறை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் கட்டும் செட்டுமாக முடிக்கலாம்.

இன்னொரு செலவை யாரும் நோட்டில் எழுதுவதில்லை. கூலி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு மூன்று நாலு நாள் கூலி போகும். டிக்கெட் காசைவிட அதுதான் பெரிய தொகை. "ஆசை இல்லை" என்று சொல்லி ஒதுங்குகிற உறுப்பினர் பல பேருக்கு உண்மைக் காரணம் இதுதான். முன்கூட்டியே பேசினால், அவருக்குக் கொஞ்சம் கூடுதல் வாரம் கொடுத்துச் சேர்க்கச் சொல்லலாம்.

கடைசி நேரத்தில் ஒருத்தர் வரவில்லை என்றால் என்ன? டிக்கெட் எடுக்கும் முன் விலகினால் முழுப் பணம் திருப்பித் தருவது, எடுத்த பிறகு விலகினால் ரத்துக் கட்டணம் போக மீதி. இப்படி ஏதாவது ஒன்றைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

டிக்கெட்

நமக்கு வசதி கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன்தான். மதுரையிலிருந்து எழும்பூர் போகிற பாண்டியன் எக்ஸ்பிரஸ் அங்கே நிற்கும். இரவு பத்து மணி வாக்கில் ஏறினால் விடியற்காலை சென்னை. வண்டி அங்கே அதிக நேரம் நிற்காது. எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று முன்னாடியே கேட்டு, அந்த இடத்தில் மூட்டையோடு தயாராக நில்லுங்கள். மலையிலிருந்து மதியமே இறங்கி வத்தலக்குண்டு வந்துவிடுவது நல்லது. மேகம் இறங்கிவிட்டாலோ, பாதையில் மரம் விழுந்தாலோ பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு செய்ய முடியும். முன்பு 120 நாள் இருந்தது. அதனால் பிப்ரவரி பயணத்துக்கு டிசம்பரில் பெயர்ப் பட்டியல் முடிவாகியிருக்க வேண்டும். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான். பதினைந்து பேருக்கு மூன்று டிக்கெட்டாவது வேணும். 45 வயது தாண்டிய பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் டிக்கெட்டில் ஒருவர் அல்லது இரண்டு பேர் மட்டும் இருந்தால்தான் அது கிடைக்கும். ஆகவே முட்டிவலிக்காரர்களை இரண்டிரண்டு பேராகத் தனியாகப் போடச் சொல்லுங்கள். ஆறு பேரோடு சேர்த்துப் போட்டுவிட்டு, அப்புறம் அந்த அக்காவை மேல் படுக்கையில் ஏறச் சொன்னால் பாவம். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது, பாதிக் கட்டணம்தான் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டோடு படுக்கைப் பெட்டியில் ஏற முடியாது. ஆதாரில் உள்ளபடியே பெயர் எழுதுங்கள். டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். எழும்பூரில் வேலை நடந்தால் சில வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஆட்கள் "கோயம்பேட்டில் இறங்கு" என்பார்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு தென் மாவட்ட பஸ்கள் அங்கேதான் நிற்கின்றன. அது வண்டலூர் பக்கம், ஊருக்கு வெளியே. அங்கிருந்து நகரத்துக்குள் போக நேரம் ஆகும்.

இரண்டு நாளில் என்ன பார்ப்பது?

எழும்பூர் பக்கத்திலேயே விடுதிகள் நிறைய இருக்கின்றன. நாலு பேருக்கு ஓர் அறை என்று போனிலேயே பேசி, வாடகையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லாரிடமும் ஆதார் இருக்கட்டும். இரண்டு இரவும் ரயிலிலேயே கழித்து அறை வாடகையை மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் சொல்வாங்க. என் கருத்து, வேண்டாம். ஒரு இரவாவது காலை நீட்டிப் படுக்கணும்.

முதல் நாள் காலை குளித்துச் சாப்பிட்டுவிட்டு அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது. சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனிகளையும், ஆந்திராவின் அமராவதியிலிருந்து வந்த பௌத்தக் கற்சிற்பங்களையும் பாருங்கள். எல்லாக் கட்டடத்தையும் பார்க்கணும் என்று ஓடாதீர்கள். மதியம் அறைக்கு வந்து படுங்கள். நாலு மணிக்கு மேல் மெரினா.

மெரினாவுக்கு மெட்ரோவில் போங்கள். நம்மில் பல பேர் கடலுக்கு அடுத்தபடி பார்க்க ஆசைப்படுவது அதைத்தான். எழும்பூரில் ஏறி, சென்ட்ரலில் மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கினால், அங்கிருந்து ஆட்டோவிலோ பஸ்ஸிலோ கடற்கரை பக்கம்தான். நகரும் படிக்கட்டில் சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து ஏறுங்கள். பயமாக இருந்தால் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடல் நம்ம பேரிஜம் ஏரி மாதிரி அமைதியாக இருக்காது. அலை திரும்பும்போது காலுக்கு அடியில் உள்ள மணலையே உருவி எடுக்கும், ஆள் சாய்ந்துவிடுவார். கணுக்கால் நனைகிற அளவு போதும், கையைக் கோத்துக்கொண்டு நில்லுங்கள். மெரினாவில் குளிக்கப் போலீஸ் விடுவதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. மணல் ரொம்ப அகலம், நடக்க முடியாதவர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப் பாதை போட்டார்கள். முட்டிவலி உள்ளவர்களை அந்த வழியாகக் கூட்டிப் போங்கள். அங்கே போய் நின்று கடலைப் பார்த்துவிட்டால் அவருக்கு அது ஒன்றே போதும். உழைப்பாளர் சிலையையும் பார்த்துவிடுங்கள், 1959-லிருந்து அங்கே நிற்கிறது.

இரண்டாம் நாளுக்கு வண்டலூரா மயிலாப்பூரா என்று கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள். குழந்தைகள் கூட வந்தால் வண்டலூர். நமக்கோ, கொடைக்கானல் பஜாரிலேயே காட்டுமாடு நடந்து போகுது, அதைப் பார்க்கக் காசு கொடுக்கணுமா என்று ஒரு அக்கா கேட்டார், நியாயம்தான்! நான் மயிலாப்பூர் என்பேன். கபாலீசுவரர் கோயில் மதியம் நடை சாத்திவிடும், காலையிலேயே போங்கள். சாந்தோம் பேராலயம் அங்கிருந்து பக்கம். இரண்டு மதத்துப் பெண்களும் இருக்கிற நம்ம குழுக்களுக்கு இது பொருத்தமாக இருக்கும். நுங்கம்பாக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகம் இருக்கிறது. மகளிர் குழுப் பொருட்கள் கண்காட்சி நடக்கிற நாளாக அமைந்தால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மற்ற மாவட்டத்துப் பெண்கள் மிளகையும் தேனையும் எப்படிப் பொட்டலம் போட்டு, என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று நேரில் பார்க்கலாம்.

தி.நகர் ரங்கநாதன் தெருவை முதல் பயணத்தில் சேர்க்காதீர்கள். இதற்காக என் மேல் பல பேருக்குக் கோபம் வரும். ஆனால் அந்தக் கூட்டத்தில் பதினைந்து பேரை எண்ணிச் சேர்ப்பது யாராலும் ஆகாது.

சொல்லக் கூச்சப்படுகிற விஷயங்கள்

வெளியூர் போனால் நம் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை, கழிப்பறை தேடணுமே என்று. சென்னை வெயிலில் இது ஆபத்து. தலைசுற்றும், நீர்க்கடுப்பு வரும். ஆகவே இடத்தைத் தேர்வு செய்யும்போதே கழிப்பறையையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். ரயில் நிலையம், அருங்காட்சியகம் இங்கெல்லாம் போய்விட்டுத்தான் கிளம்பணும். கடற்கரையில் தேடி அலையக் கூடாது. மாதவிலக்கு நாள் வரும் என்று யாரும் பயணத்தை விட வேண்டாம், நாப்கின் பை ஒன்றைக் குழுவே எடுத்துப் போகலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை நாலு நாளுக்குக் கைப்பையிலேயே இருக்கட்டும், மூட்டையில் போடாதீர்கள்.

இரண்டிரண்டு பேராக ஜோடி பிரியுங்கள். ஜோடியை விட்டு நகரக் கூடாது. இறங்கும்போதும் ஏறும்போதும் எண்ணிப் பாருங்கள். வழி தவறினால் தேடி நடக்காமல் அங்கேயே நிற்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்துவிடும், ஆகவே விடுதிப் பெயரும் நாலு போன் நம்பரும் ஒரு தாளில் எழுதி மணிபர்ஸில் வையுங்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, ரயிலில் என்றால் 139. நகரத்தில் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பது 2021-ல் வந்தது, 2024-ல் மலைப் பகுதிக்கும் அறிவித்தார்கள். எல்லா பஸ்ஸும் அப்படி இல்லை, ஏறும் முன் கேளுங்கள்.

வீட்டில் அனுமதி கேட்பதைப் பற்றியும் சொல்லணும். "போகட்டுமா?" என்று மட்டும் கேட்டால் பதில் "எதுக்கு?" என்றுதான் வரும். எந்த ரயில், எங்கே தங்கல், யார் யார் வருகிறார்கள், வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குத் திரும்புவோம், மாட்டை யார் பார்ப்பது என்று தாளில் எழுதிக் காட்டுங்கள். சில வீடுகளில் "துணைக்கு ஒரு ஆம்பளை வரட்டும்" என்பார்கள். வந்தால், இரண்டாம் நாளே அவர் தலைவராகிவிடுவார், நாம் பின்னால் நடப்போம். வங்கிக்குப் போய் லட்சக்கணக்கில் கடன் பேசுகிற நமக்கு ரயில் ஏறத் தெரியாதா?

திரும்பும் ரயில் விடியும் முன்பே கொடைக்கானல் ரோடு வந்துவிடும். போனில் அலாரம் வைத்து, திண்டுக்கல்லிலேயே எல்லாரும் எழுந்து மூட்டையை எடுத்து வாசல் பக்கம் வந்துவிடுங்கள், தூங்கிவிட்டால் மதுரைதான். இறங்கியதும் இருட்டில் ரோட்டுக்குப் போகாமல், வெளிச்சம் வரும் வரை ஸ்டேஷனிலேயே சேர்ந்து உட்கார்ந்திருந்து, பிறகு வத்தலக்குண்டு பஸ் பிடியுங்கள். அடுத்த கூட்டத்தில் உண்டியல் நோட்டைப் படித்து, மிச்சப் பணத்தைப் பிரித்துக் கொடுத்துக் கணக்கை முடியுங்கள்.