மாயாபந்தரில் பார்க்க என்ன இருக்கிறது?

ஊரிலிருந்து உறவினர் வருகிறார்கள் என்றால் தீவுகளில் வாழும் நம்மில் பலர் போடும் திட்டம் ஒன்றுதான். செல்லுலர் சிறை, ராஸ் தீவு, ஹாவ்லாக் கடற்கரை, பிறகு சென்னை விமானம். (ராஸ் தீவு 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு, ஹாவ்லாக் சுவராஜ் தீவு. பழைய பெயர்கள் நம் நாவில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.) அவர்களை வடக்கே மாயாபந்தர் வரை அழைத்து வந்துவிட்டாலோ, வந்து இறங்கியதுமே, "இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வியில் தவறில்லை. பழம்பெரும் நகரங்களைப் பார்த்துப் பழகிய கண் கட்டடத்தைத்தான் தேடும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பாறையின்மேல் ஒரு கோட்டை. அங்கிருந்து இறங்கும் வீதியின் மறுகோடியில் ஹோலிரூட் அரண்மனை. ஒரு நாள் நடந்தால் பல நூற்றாண்டுகளைப் பார்த்துவிடலாம். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நமது போர்ட் பிளேரிலும் ஏறக்குறைய அப்படித்தான். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலர் சிறையையும், ஸ்காட்லாந்து ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கி நிற்கும் அபர்தீன் பஜாரையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

மாயாபந்தரில் கோட்டையும் இல்லை, அரண்மனையும் இல்லை. இங்கே பார்க்க வேண்டியவை பெரும்பாலும் உயிருள்ளவை. ஆகவே அவற்றைப் பார்க்கக் காலம் அறிய வேண்டும்; நேரம் அறிய வேண்டும்; எட்ட நிற்கவும் அறிய வேண்டும்.

வழியில் கவனம்

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து அந்தமான் டிரங்க் ரோடு வழியாக மாயாபந்தர் வர ஒரு பகல் பொழுது ஆகும். ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியிலிருந்து வாகனங்கள் குறித்த நேரங்களில் மட்டும், காவலுடன் வரிசையாக அனுப்பப்படுகின்றன. அங்கே தொடங்குவது ஜாரவா மக்களின் காடு. நடுவில் நிறுத்தக் கூடாது. புகைப்படம் எடுக்கக் கூடாது. பிஸ்கட், பழம் எதையும் நீட்டக் கூடாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி மீறுவோருக்குச் சிறைத் தண்டனை உண்டு.

இது வெறும் சட்டக் கெடுபிடி என்று நம் விருந்தினர் நினைக்கலாம். காரணத்தை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். ஜாரவாக்கள் சில நூறு பேரே உள்ள இனம். 1990-களின் கடைசியில்தான் வெளியாரோடு பகையின்றிப் பழகத் தொடங்கினார்கள். 1999-இலும் 2006-இலும் அவர்களிடையே மணல்வாரி அம்மை பரவியது. நமக்குச் சாதாரணமான நோய்கூட அவர்களுக்குப் பேராபத்து. சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் ஒரு வீடியோ 2012-இல் வெளியாகி உலகமே முகம் சுளித்தது. மனிதரைக் காட்சிப் பொருளாக்கும் அந்தப் பழிக்கு நம் வீட்டு விருந்தாளி ஒருவரும் ஆளாகக் கூடாது.

கர்மாட்டாங்: ஆமை வரும் கரை

மாயாபந்தரிலிருந்து சுமார் 13 கிலோமீட்டரில் கர்மாட்டாங் கடற்கரை. பகலில் பார்த்தால் நீண்ட மணலும் அமைதியான நீரும்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான இரவுகளில்தான் இதன் சிறப்பு தெரியும். அப்போது கடல் ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. தாய் ஆமை பின்துடுப்புகளால் குழி தோண்டி, நூறு முட்டை அளவில் இட்டு, மணலை மூடிவிட்டுத் திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடும். ஏறக்குறைய ஐம்பது நாளில் குஞ்சுகள் வெளிவரும். நாயும் உடும்பும் தோண்டித் தின்றுவிடாமல் இருக்க, வனத்துறையினர் முட்டைகளை வேலியிட்ட இடத்துக்கு மாற்றிவைத்துப் பொரிக்கவிடுகிறார்கள்.

இங்கே பார்ப்பவர் செய்யக்கூடிய பெரிய தீங்கு டார்ச் விளக்குதான். மணலிலிருந்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சமான திசையே கடல் என்று நம்பி ஓடுகிறது; இருட்டிய கரையில் கடல்தான் வெளிச்சமாகத் தெரியும். ஒரு செல்போன் வெளிச்சம் போதும், அது காட்டுப் பக்கம் திரும்பிவிடும். தாய் ஆமையும் வெளிச்சத்தையும் ஆளரவத்தையும் கண்டால் முட்டையிடாமலே திரும்புவதுண்டு. எனவே வனத்துறையினரைக் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில், பேசாமல் நிற்க வேண்டும். சில இரவுகளில் ஒன்றும் வராது. அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

கரேன் மக்களின் கிராமங்கள்

மாயாபந்தரைச் சுற்றி வெபி முதலான கிராமங்களில் கரேன் மக்கள் வாழ்கிறார்கள். 1925-இல் காட்டு வேலைக்காகப் பர்மாவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். 2025-இல் அந்தக் குடியேற்றத்துக்கு நூறாண்டு நிறைந்தது. தூண்களின்மேல் நிற்கும் மரவீடுகள், தேவாலயம், வயல்கள் என்று ஊர் துப்புரவாக இருக்கும். காட்டையும் கடலையும் இவர்களைப் போல் அறிந்தவர்கள் குறைவு. தெற்கே வண்டூரில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிகளாகவும் உடனுழைப்பவர்களாகவும் இருந்துவருபவர்கள் இவர்களே.

பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்து, மொழியையும் வழிபாட்டையும் விடாமல் காத்தவர்கள் என்ற வகையில் இவர்கள் கதை நமக்குப் புதிதல்ல. அந்த எண்ணத்தோடு போனால் வேடிக்கை பார்க்கத் தோன்றாது. தெரிந்தவர் மூலம் சொல்லியனுப்பிவிட்டுப் போவது நல்லது. வீட்டு வாசலில் நின்று கேட்காமல் படம் எடுப்பதை நாமும் விரும்ப மாட்டோம் அல்லவா?

இன்டர்வியூ தீவின் யானைகள்

மேற்கே உள்ள இன்டர்வியூ தீவு வனவிலங்குச் சரணாலயம். வனத்துறையின் அனுமதி பெற்றுப் படகில்தான் போக முடியும். இங்கே காட்டு யானைகள் உண்டு. ஆனால் அந்தமான் காட்டில் யானை இயற்கையாகவே இருந்ததில்லை. மரம் இழுப்பதற்காகத் தனியார் நிறுவனம் ஒன்று கொண்டுவந்த யானைகள், 1962-இல் அந்நிறுவனம் தொழிலைக் கைவிட்டபோது தீவிலேயே விடப்பட்டன. ஏறக்குறைய நாற்பது என்பது கணக்கு. பழக்கிய யானைகள் காட்டு யானைகளாயின. மூங்கிலும் தாழையும் அவற்றால் பெரிதும் அழிந்தன. மனிதன் கொண்டுவந்து விட்டுப்போனது ஒரு தீவை எவ்வளவு மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம்.

இதே தீவில் இன்னோர் அதிசயமும் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர்ப் பக்கம் நிலம் தாழ்ந்தது; இங்கோ நிலம் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. கடலுக்கடியில் இருந்த பவளப்பாறைகள் வெளியே வந்து வெயிலில் வெளுத்துப்போயின.

வடக்கே ஒரு நாள்

ஆஸ்டின் நீரிணைப் பாலத்தைத் தாண்டினால் வடக்கு அந்தமான். திக்லிபூர் பக்கம் 732 மீட்டர் உயரமுள்ள சாடில் சிகரம், அந்தமான் நிக்கோபார் தீவுகளிலேயே உயர்ந்தது. ஏரியல் பே துறையிலிருந்து படகில் போனால் ராஸ், ஸ்மித் என்ற இரட்டைத் தீவுகள். நீர் வற்றும் நேரத்தில் இடையே மணல் திட்டு பாலம் போல் தெரியும். போர்ட் பிளேருக்கு எதிரே உள்ள ராஸ் தீவு வேறு, இது வேறு. ஓத நேரம் கேட்டுக்கொண்டு கிளம்புவது முக்கியம்.

கிளம்புமுன்

* மழை ஓய்ந்த டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வருவது உத்தமம்.
* சதுப்புநிலக் காட்டு ஓடைகளிலும் முகத்துவாரங்களிலும் முதலை உண்டு. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் காலைக்கூட நனைக்க வேண்டாம்.
* கரையில் கிடக்கும் செத்த பவளத்தையும் எடுத்துச் செல்லக் கூடாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. விமான நிலையச் சோதனையில் அகப்பட்டால் சிக்கல்.
* மாலையில் மணல் ஈக்கள் கடிக்கும். கை கால் மூடிய உடை நல்லது.

எடின்பரோக் கோட்டையை ஒரு கூட்டம் கூச்சலிட்டபடி பார்த்துப் போனாலும் மறுநாள் கோட்டை அங்கேயே இருக்கும். கர்மாட்டாங் கரையில் மிரண்டு திரும்பிய ஆமை மறுநாளும் வரும் என்பதற்கு யார் பொறுப்பு? விருந்தினருக்கு இது தெரியாது; உடன் போகும் நமக்குத் தெரியும். ஆகவே அன்பர்களே, உங்கள் உறவினரை அவசியம் மாயாபந்தருக்கு அழைத்து வாருங்கள். இரண்டு நாள் கூடுதலாகத் தங்கச் சொல்லுங்கள். எதைப் பார்க்கலாம் என்பதோடு, எதை எட்ட நின்று பார்க்க வேண்டும், எதைப் பார்க்காமலே கடந்து போக வேண்டும் என்பதையும் புறப்படும் முன்பே வீட்டில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்.